மியூஸ்கோர் ஸ்டுடியோ 4: குரலுக்கு எழுதுகிறவர்களுக்குச் சரிப்படுமா?

இசையை நோட்டாக எழுத உதவும் மென்பொருளான மியூஸ்கோர் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் வயலின் எவ்வளவு நிஜமாகக் கேட்கிறது, பிராஸ் எப்படி அதிர்கிறது என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. நான் எழுதுவது குரலுக்கு. பெரும்பாலும் சர்ச் கொயருக்கு நாலு பார்ட்டில், சில சமயம் ஒரே குரலும் பியானோவும், எப்போதாவது நாடகக்காரர்கள் கேட்டால் கேபரே பாணியில் ஒரு மேடைப் பாட்டு. இந்த மூன்றுக்கும் சேர்த்து என் தீர்ப்பு இதுதான்: குரலுக்கு எழுதுகிற மென்பொருளை அது போடுகிற சத்தத்தை வைத்து எடை போடக் கூடாது, ஸ்டாஃபுக்கு (நோட்டு எழுதுகிற ஐந்து கோட்டு வரிசைக்கு) கீழே ஓடுகிற அந்த ஒற்றை வரியை, அதாவது பாட்டின் வார்த்தைகளை, அது எப்படி நடத்துகிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் மியூஸ்கோர் நன்றாகவே தேறுகிறது. சத்தத்தின் கணக்கில், கவனமாக இல்லாவிட்டால் நம்மை ஏமாற்றிவிடும்.

முதலில் காசு விஷயம். மென்பொருள் முழுக்க இலவசம், ஜிபிஎல் என்கிற திறமூல உரிமத்தில் வருகிறது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2002-ல் வெர்னர் ஷ்வீர் என்கிற ஜெர்மன்காரர் தொடங்கியது. 2022 டிசம்பரில் வந்த 4-ஆம் பதிப்பில்தான் அடியோடு முகம் மாறியது. 2024-லிருந்து பெயர் மியூஸ்கோர் ஸ்டுடியோ. இங்கே நிறையப் பேர் குழம்புகிற இடம் ஒன்று இருக்கிறது: மென்பொருளை இறக்க வேண்டிய தளம் மியூஸ்கோர் டாட் ஆர்க். மியூஸ்கோர் டாட் காம் என்பது மற்றவர்கள் ஏற்றிய நோட்டுகளைப் பார்க்கிற, சந்தா கேட்கிற வேறொரு கடை. கொயருக்குப் பாட்டு எழுத உங்களுக்கு அந்தக் கடை தேவையே இல்லை. "ஃப்ரீ ட்ரையல்" என்று கார்டு நம்பர் கேட்கிற பக்கத்தில் நிற்கிறீர்கள் என்றால் வழி தவறி வந்துவிட்டீர்கள், திரும்பிப் போங்கள். ஃபோனில் இருக்கிற ஆப்பும் அந்தக் கடையின் ஆப்தான். அதில் பார்க்கலாம், கேட்கலாம், எழுத முடியாது. எழுத கம்ப்யூட்டர் வேண்டும்.

சரி, வார்த்தைக்கு வருவோம்.

ஒரு நோட்டைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் எல் அழுத்தினால் அதன் கீழே கர்சர் விழும். ஸ்பேஸ் தட்டினால் வார்த்தை முடிந்து அடுத்த நோட்டுக்குப் போகும். ஹைஃபன் தட்டினால் அதே வார்த்தையின் அடுத்த அசை அடுத்த நோட்டில். ஓர் அசையைப் பல நோட்டுகளுக்கு இழுக்க வேண்டுமென்றால் அடிக்கோடு. இரண்டாம் சரணத்துக்கு என்டர். இவ்வளவுதான் பாடம், அரை மணி நேரத்தில் கை பழகிவிடும். தமிழ் யூனிகோடில் வேறெங்கே எப்படித் தட்டச்சு செய்கிறீர்களோ அப்படியே இங்கேயும் செய்யலாம், கொம்பும் காலும் இடம் மாறாமல் ஒழுங்காக உட்காருகின்றன.

ஆனால் எங்கே உடைப்பது என்று மென்பொருளுக்குத் தெரியாது, அது உங்கள் பொறுப்பு. "மழை வந்தது, மண் மணக்குது" என்று ஒரு வரி வைத்துக்கொள்ளுங்கள். ம-ழை வந்-த-து, மண் ம-ணக்-கு-து. மெய்யெழுத்து முந்தைய அசையோடு ஒட்டிப் போக வேண்டும். "ம-ணக்" என்பதற்குப் பதிலாக "மண-க்கு" என்று அவசரத்தில் உடைத்துவிட்டால், பக்கம் திருப்புகிற இடத்தில் "க்கு" என்று தனியாக ஒரு நோட்டு நிற்கும், பாடுகிறவர் அதைப் பார்த்து ஒரு கணம் விழிப்பார், அந்த ஒரு கணத்தில் பீட் போய்விடும். அதைவிட முக்கியமானது வரியின் கடைசி. "வந்தது" என்பதில் உள்ள "து" பேச்சில் பாதி உயிர்தான், குற்றியலுகரம். அதில் நாலு பீட் நீள நோட்டைப் போட்டு அடிக்கோட்டை இழுத்துவிட்டால் மென்பொருள் மிக அழகாக ஒரு கோடு வரைந்து கொடுக்கும், கொயரும் ஒழுங்காக "வந்ததூ" என்று பாடும், கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். நீளத்தை "வந்"-இல் வைத்து "து"வைச் சட்டென்று விடுவதுதான் வழி. "மண்" இன்னொரு தினுசு: நீள நோட்டில் முழுக்க "ம"வைப் பிடித்துக் கடைசியில் "ண்" மூடுவதா, இல்லை "ண்"ணிலேயே முனகலாக நிற்பதா? நாற்பது பேர் பாடும்போது இதை எழுதிக் கொடுக்காவிட்டால் நாற்பது இடத்தில் மூடுவார்கள். நான் ஸ்டாஃப் டெக்ஸ்டாக "மூன்றாம் பீட்டில் ண்" என்று மேலே எழுதிவிடுகிறேன். இதெல்லாம் மென்பொருளின் குறை என்று சொல்ல மாட்டேன், இது எழுதுகிறவர் வேலை. அந்த வேலைக்கு அது இடைஞ்சல் செய்வதில்லை, அதுவே பெரிய விஷயம்.

எழுத்துரு மட்டும் படுத்தும். பாடல் வரிக்கு இயல்பாக வைத்திருக்கிற எட்வின் எழுத்துருவில் தமிழ் கிடையாது, அதனால் கம்ப்யூட்டரில் கிடைக்கிற ஏதோ ஒரு தமிழ் எழுத்தை அதுவே இழுத்துக்கொள்ளும். உங்கள் கம்ப்யூட்டரில் ஒன்று, கொயர் மாஸ்டரின் கம்ப்யூட்டரில் வேறொன்று. இடைவெளி மாறும், பக்கம் மாறும், "நாலாம் பக்கம் இரண்டாம் வரி" என்று ஃபோனில் சொன்னால் அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். ஃபார்மட், ஸ்டைல், டெக்ஸ்ட் ஸ்டைல்ஸ் என்று போய் லிரிக்ஸுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் மாதிரி ஒன்றை நிலையாக வைத்துவிடுங்கள், வெளியே அனுப்புவதை எப்போதும் பிடிஎஃப் ஆக்கியே அனுப்புங்கள். அப்புறம் அகலம்: "ணை", "ஞா", "லௌ" போன்றவை ஆங்கில அசையைவிட இடம் பிடிக்கும், வேகமான பதினாறாம் நோட்டுகளுக்குக் கீழே அடுத்தடுத்து தமிழ் அசைகள் வந்தால் பார் (இரண்டு குறுக்குக் கோடுகளுக்கு நடுவிலுள்ள தாளக் கட்டம்) ரப்பர் மாதிரி இழுபட்டு ஒரு வரியில் இரண்டு பார்தான் தங்கும். 10 புள்ளி அளவில் இருப்பதை 9 ஆக்கினால் கொஞ்சம் சமாளிக்கலாம். அதற்குக் கீழே இறக்காதீர்கள், நம் கொயர்களின் சராசரி வயதும் சர்ச் விளக்கு வெளிச்சமும் தெரியுமல்லவா.

கொயருக்கு எழுத எஸ்ஏடிபி (சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ்) டெம்ப்ளேட் தயாராகவே இருக்கிறது. நாலு குரலும் தனித்தனி ஸ்டாஃபில், அல்லது இரண்டு ஸ்டாஃபில் அடக்கமாக, பியானோவோடு, ஆர்கனோடு என்று வகை வகையாக. டெனருக்கு அடியில் 8 போட்ட ட்ரெபிள் கிளெஃப் அதுவே வந்துவிடும். பாமாலைப் புத்தகம் மாதிரி இரண்டு ஸ்டாஃபில் அடக்கி எழுதுவது தாளை மிச்சப்படுத்தும், ஆனால் ஆரம்பத்திலேயே அப்படி எழுதாதீர்கள். மிக்ஸரில் ஒரு இன்ஸ்ட்ருமென்ட்டுக்கு ஒரு சேனல்தான். சோப்ரானோவும் ஆல்டோவும் ஒரே ஸ்டாஃபில் இருந்தால் ஆல்டோவை மட்டும் தனியே ஒலிக்கவிட முடியாது. இப்போது எல்லா கொயரும் வாட்ஸ்அப்பில் "எங்க பார்ட் மட்டும் அனுப்புங்க" என்றுதான் கேட்கிறது. நாலு ஸ்டாஃபில் எழுதி, மற்ற மூன்றையும் தணித்து, எம்பி3 ஆக்கி அனுப்பிவிட்டு, கடைசியில் அச்சுக்குப் போகும்போது இம்ப்ளோட் கட்டளையால் இரண்டு ஸ்டாஃபாகச் சுருக்கிக்கொள்வதே சுலபம். நோட்டு தெரியாமல் காதால் படித்துப் பாடுகிற பேஸ்காரர்கள் நிறைந்த நம்மூர்க் கொயர்களுக்கு இந்த எம்பி3 வசதி ஒன்றுக்காகவே இதை வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு நல்ல விஷயம், குரலின் எல்லை. ஒரு நோட்டு சாதாரண பாடகரின் எல்லையைத் தாண்டினால் திரையில் மங்கிய மஞ்சளாகும், தேர்ந்த பாடகருக்கும் எட்டாதென்றால் சிவப்பாகும். அச்சில் நிறம் வராது. பேஸுக்குக் கீழ் டி எழுதினால் உடனே கண்ணில் குத்தும். ஆனால் இதை நம்பி நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, ஏனென்றால் அது ஒவ்வொரு நோட்டாகத்தான் பார்க்கிறது. சோப்ரானோவை மேல் ஈ-க்கும் ஜி-க்கும் நடுவில் மூன்று பக்கம் குடிவைத்தால் ஒரு நோட்டும் நிறம் மாறாது, பாடுகிறவர்கள் மட்டும் முகம் மாறுவார்கள். உயிரெழுத்தையும் அது பார்ப்பதில்லை. "இ"யும் "உ"வும் தெளிவாகக் கேட்பதற்குக் காரணமான கீழ் அதிர்வு உச்சம் ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. சோப்ரானோவின் மேல் ஏ 880 ஹெர்ட்ஸ். அந்த உயரத்தில் "நீ" என்று எழுதினாலும் "நா"வுக்கும் "நே"வுக்கும் நடுவில் ஏதோ ஒன்றுதான் வெளியே வரும், வரத்தான் செய்யும், பாடகரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. முக்கியமான சொல்லைக் கீழே இறக்கிவிட்டு உச்சியில் ஓர் "ஆ"வை வையுங்கள்.

இப்போது சத்தம். மியூஸ் ஹப் என்று தனியாக ஒன்றை நிறுவி அதன் வழியாக மியூஸ் கொயர் என்கிற குரல் தொகுப்பை இலவசமாக இறக்கலாம். பெரிய கோப்பு, வேகமான இணைப்பு இருக்கிற இடத்தில் உட்கார்ந்து இறக்குங்கள். பழைய நாலு ஜிபி ராம் லேப்டாப்பில் இது திணறும். அதில் பழைய எம்எஸ் பேசிக் சத்தத்தோடேயே வேலை செய்யலாம், தப்பில்லை. மியூஸ் கொயர் கேட்க உண்மையிலேயே இனிமையாக இருக்கிறது. முதல் தடவை நாலு பார்ட்டும் சேர்ந்து ஒலிக்கும்போது நாம்தான் எழுதினோமா என்று தோன்றும். ஆபத்தும் அங்கேதான். அது வார்த்தை பாடாது, வெறும் உயிரொலிதான். "வந்தது"வில் தடுக்குவதும், "ணக்கு"வில் நாக்கு சுழல்வதும், "ஸ்தோத்திரம்" என்கிற சொல்லின் முதல் "ஸ்"ஸை நாற்பது பேர் நாற்பது நேரத்தில் போடுவதும் அதில் தெரியாது.

அதைவிட, அது மூச்சு வாங்குவதில்லை. பன்னிரண்டு பார் ஒரே இழுப்பில் "ஆ" என்று நிற்கும், கொஞ்சமும் வாடாமல். புதிதாக எழுதுகிறவர்கள் கேட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று அப்படியே அச்சடித்துக்கொண்டு வருகிறார்கள், முதல் பிராக்டிஸில் ஐந்தாம் பாரிலேயே ஆல்டோ வரிசை காணாமல் போகிறது. கொயர் என்றால் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்கள் மாற்றி மாற்றி மூச்செடுத்துச் சமாளிக்கலாம், அதையும் நோட்டில் எழுதிச் சொல்ல வேண்டும். ஒற்றைக் குரலுக்கு அந்த வழியும் கிடையாது. பிரெத் மார்க் போடுகிற வசதி பாலெட்டில் இருக்கிறது, அதற்கு எவ்வளவு நேரம் நிறுத்துவது என்றும் கொடுக்கலாம், ஆனால் நீங்கள் கொடுக்கும் வரை அந்தக் காற்புள்ளி வெறும் அலங்காரம், சத்தம் நிற்காமல் ஓடும். என் யோசனை: மியூஸ்கோரை ஹார்மனி சரியா, டெனரும் பேஸும் எங்கே முட்டுகிறார்கள் என்று பார்க்க மட்டும் ஒலிக்கவிடுங்கள். வரி பாடக்கூடியதா என்பதை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள், குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு பார்ட்டையும், எழுதின வேகத்தில், நின்றுகொண்டு.

தனிக்குரலும் பியானோவும் என்றால் மென்பொருளுக்குச் சிரமமே இல்லை, அதனால் சொல்லவும் அதிகமில்லை. பாடகருக்கு மூன்று ஸ்டாஃபும் தெரிகிற பிரதி, அது போக குரலுக்கு மட்டும் தனிப் பார்ட், இரண்டும் ஒரே கோப்பிலிருந்து வரும், ஒன்றில் திருத்தினால் மற்றதிலும் திருந்தும். சுருதியை இறக்கச் சொன்னால் டிரான்ஸ்போஸ் பண்ண ஒரு நிமிடம்.

கேபரே எழுதும்போதுதான் இந்த மென்பொருளின் குணம் நன்றாகப் புரியும். நம்மூரில் கேபரே என்றால் பழைய சினிமாவில் வில்லன் கூடாரத்தில் நடக்கிற ஆட்டம்தான் எல்லோருக்கும் கண்ணில் வரும். மேடைக் கேபரே அது இல்லை. 1881-ல் பாரிஸ் மோன்மார்த்ரில் லெ ஷா நுவார் என்கிற கேபரே விடுதி திறந்த காலத்திலிருந்தே அதன் அடிப்படை ஒன்றுதான்: சின்ன அறை, ஒரு பியானோ, ஒருவர் நின்று பாதி பேசிப் பாதி பாடுவது, கேட்கிறவர்களின் கையில் கிளாஸ், முகத்தில் சிரிப்பு அல்லது நெருடல். 1901-ல் பெர்லினில் எழுத்தாளர் வோல்ட்சோகன் ஆரம்பித்த கேபரேவுக்கு இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கே வேலை பார்த்திருக்கிறார், பின்னாளில் பன்னிரு சுர முறையைக் கொண்டுவந்த அதே ஷோன்பெர்க். இந்த வகைப் பாட்டில் வார்த்தைதான் முதலாளி. மெட்டு பேச்சின் உயரத்திலேயே உலாவ வேண்டும், நகைச்சுவை விழுகிற சொல்லுக்கு முன்னால் ஒரு இடைவெளி வேண்டும், அந்த இடைவெளி எவ்வளவு என்பது அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது.

தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு வரிசையில் நிற்கிற ஒரு மாமியின் பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். "இன்னிக்கு வருதாம், நாளைக்கு வருதாம்" என்று அவர் படபடவென்று புலம்புவார், பியானோ கீழே இரண்டே பாரைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கும், அவர் புடவைத் தலைப்பைச் சரிசெய்து, பக்கத்து வீட்டுக்காரியை ஒரு பார்வை பார்த்து, தயாரானதும் அடுத்த வரிக்குப் போவார். அந்த இரண்டு பாருக்கு ரிப்பீட் போட்டு மேலே "தயாராகும் வரை" என்று எழுதிவிடலாம், அச்சில் அழகாக வரும். ஆனால் ஒலிக்கவிட்டால் மென்பொருள் சொன்ன எண்ணிக்கைக்குத் திரும்பிவிட்டு மேலே போய்க்கொண்டே இருக்கும். பேச்சு வரிகளுக்குச் சிலுவைத் தலை நோட்டு இருக்கிறது, அதையும் அது சுருதியோடு "ஆ" என்று பாடும், ப்ராப்பர்டீஸில் போய் ப்ளே என்பதை எடுத்துவிட்டால்தான் வாயை மூடும். இரண்டு சொல்லை ஒரே நோட்டில் திணிக்க வேண்டுமா, கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு ஸ்பேஸ் தட்டுங்கள், இது படபடப் பாட்டுகளுக்கு ரொம்ப உதவி. கார்ட் எழுத்துகளுக்கு கண்ட்ரோல் கே, சுருதி மாற்றும்போது அவையும் கூடவே மாறும். கேபரே பாடகர்கள் இன்று ஒரு சுருதி, நாளை தொண்டை கட்டினால் அரைச் சுருதி கீழே என்று கேட்பவர்கள், பியானோக்காரருக்கு அப்போதே புதுத் தாள் நீட்ட முடிகிறது.

வேகத்தைப் பாடகருக்கு விட்டுவிடுகிற இடங்களை ஒலியில் காட்ட ஒரு குறுக்குவழி உண்டு: டெம்போ குறிகளை ஆங்காங்கே போட்டு வி-யை அழுத்தி மறைத்துவிடலாம், அச்சில் தெரியாது, வேகம் மட்டும் மாறும். நாலாம் பதிப்பில் ரிடார்டாண்டோ கோட்டையும் அதுவே மெதுவாக்கி வாசிக்கிறது. நாடக இயக்குநருக்குப் போட்டுக் காட்ட அது போதும். பாடகருக்கு அந்த எம்பி3-ஐ அனுப்பாதீர்கள். ஒரு தடவை கேட்டுவிட்டால் அந்த இடைவெளியையே மனப்பாடம் செய்துவிடுவார், அப்புறம் கூட்டம் சிரித்தாலும் சிரிக்காவிட்டாலும் அதே இடத்தில்தான் அடுத்த வரி விழும்.

கமகம் வேண்டுமென்பவர்களுக்கு இது ஆகாது, ஸ்டாஃப் நோட்டேஷனே ஆகாது, அதை விட்டுவிடுவோம்.

காசு கொடுத்து வாங்குகிற மற்றவற்றோடு ஒப்பிட்டால்? ஃபினாலே என்கிற பெரியவர் 1988-லிருந்து இருந்தவர், 2024 ஆகஸ்டில் இனிமேல் வளர்க்கப்போவதில்லை என்று நிறுவனமே அறிவித்துவிட்டது. பழைய கொயர் கோப்புகளை அதில் வைத்திருப்பவர்கள் இன்னும் அது திறக்கிற கம்ப்யூட்டர் கையில் இருக்கும்போதே எல்லாவற்றையும் மியூசிக்எக்ஸ்எம்எல் என்கிற பொதுக் கோப்பு வடிவமாக மாற்றி எடுத்துவிடுங்கள், மியூஸ்கோர் அதைத் திறக்கும், பக்க அமைப்பு குலையும், நோட்டும் வார்த்தையும் வந்துவிடும். சிபேலியஸ் நன்றாக இருக்கிறது. டோரிகோ அச்சு விஷயத்தில் இன்னும் நேர்த்தி, வார்த்தைகளின் இடைவெளியைத் தானே யோசித்து வைக்கிற விதம் மியூஸ்கோரைவிட ஒரு படி மேல்தான், மறுக்க மாட்டேன். பதிப்பகத்துக்காக முழுநேரமும் எழுதுகிறவர் என்றால் டோரிகோவுக்குக் காசு கொடுங்கள். கிறிஸ்துமஸுக்கு இரண்டு பாட்டு, ஈஸ்டருக்கு ஒன்று என்று எழுதுகிறவருக்கு அந்தச் செலவு வீண். ஒன்று மட்டும்: மூன்றாம் பதிப்பிலிருந்து நாலுக்குப் போனால் நாலில் சேமித்த கோப்பு மூன்றில் திறக்காது, கொயரில் இரண்டு பேர் எழுதுகிறீர்கள் என்றால் இருவரும் ஒன்றாகவே மாறுங்கள்.

என் பெரிய குறை சோல்ஃபா, அதாவது ஸ்டாஃப் இல்லாமல் சுரப் பெயர்களின் எழுத்துகளாலேயே பாட்டை எழுதுகிற முறை. இங்கிலாந்தின் சாரா குளோவர் தொடங்கி ஜான் கர்வன் பரப்பிய டோனிக் சோல்ஃபாவை இன்னும் நம் சர்ச்சுகளில் மூத்தவர்கள் பலர் ஸ்டாஃபைவிட வேகமாகப் படிக்கிறார்கள். டோ, ரே, மீ என்று நோட்டின் தலைக்குள் பெயர் எழுதுகிற வசதி மியூஸ்கோரில் இருக்கிறது, ஆனால் கர்வன் முறையில் கோடும் புள்ளியும் வைத்துத் தனி வரியாக அச்சிடுவது நேரடியாக இல்லை. நான் அதைப் பாடல் வரியில் இரண்டாம் சரணம் மாதிரி கையால் தட்டிக்கொண்டிருக்கிறேன், சுருதி மாறினால் பரவாயில்லை, ஒரு நோட்டு மாறினால் அதையும் தேடித் திருத்த வேண்டும். நாலாம் பதிப்பில் ஒழுங்காக ஓடுகிற சோல்ஃபா பிளகின் எதையாவது பயன்படுத்திப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அடுத்த கிறிஸ்துமஸ் பாட்டுகளை இன்னும் ஆரம்பிக்கவில்லை.